அக்கா வாங்கப் போகும் ஆட்டோமேட்டிக்: எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு டெஸ்ட் டிரைவ்

*வெள்ளிக்கிழமை*

ரேவதி அக்கா, இரவு 8:10
மாமா, நாளைக்கு சரவணம்பட்டியில் ஒரு கார் பார்க்கப் போகிறேன். 2018 மாடல், டீசல், ஆட்டோமேட்டிக், ஒரே ஓனர். போன வாரம் தெருவுக்குள் ஒரு ரவுண்டு ஓட்டினேன், நன்றாகத்தான் இருந்தது. கியர்பாக்ஸை எப்படிப் பார்ப்பது என்று சொல்லுங்க. இடது முழங்கால் வலியோடு இனி என்னால் கிளட்ச் மிதிக்க முடியாது.

பாலு சித்தப்பா, 8:14
பழைய ஆட்டோமேட்டிக்கா? யோசித்துச் செய் ரேவதி. கியர்பாக்ஸ் போனால் பெரிய செலவு.

மாமா, 8:21
செலவு பெரியதுதான் பாலு. அதனால்தான் வாங்கும் முன்பே ஒழுங்காக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறேன். தெருவுக்குள் ஒரு ரவுண்டில் ஒன்றும் தெரியாது கண்ணு. சில கோளாறு என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வரும். நிறையக் கோளாறு கியர் ஆயில் நன்றாகச் சூடான பிறகுதான் வெளியே வரும். இரண்டு நிலையிலும் பார்க்கணும். முக்கால் மணி நேரமாவது ஓட்டு. அதற்கு ஓனர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டியே வேண்டாம்.

மாமா, 8:22
முதலில் இதைச் சொல். அது எந்த வகை ஆட்டோமேட்டிக்?

ரேவதி அக்கா, 8:25
டார்க் கன்வெர்ட்டர், 6 கியர் என்றார்.

பாலு சித்தப்பா, 8:27
என் வண்டியில் கியர் மாறும்போது தலை முன்னால் போய் வரும். ஆட்டோமேட்டிக் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்களே?

மாமா, 8:33
உன்னுடையது ஏஎம்டி பாலு. 2014-இல் செலேரியோவில் வந்ததே, அந்த முறை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் இயக்குகிறது. கியர் மாறும்போது இழுவை கொஞ்சம் விட்டு வரும், அது இயல்பு. ரேவதி பார்க்கும் வண்டியில் அப்படி வந்தால் அது கோளாறு. சிவிடியில், அதாவது படிப்படியான கியரே இல்லாத வகையில், வேறு கதை. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் (என்ஜின் சுற்றும் வேகம்) ஏறி ஒரே இடத்தில் நிற்கும், வேகம் பின்னால் ஏறும். அதை சிலிப் (கியர் பிடிக்காமல் நழுவுவது) என்று நினைத்து நல்ல வண்டியை விட்டவர்களும் உண்டு. வகை தெரியாமல் எந்த டெஸ்ட்டும் செய்யக் கூடாது.

பிரபு, 8:40
அக்கா, நானும் வருகிறேன். கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் ப்ளூடூத் ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது.

மாமா, 8:46
நல்லது. எனக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, உங்கள் அத்தை வெளியே விடமாட்டாள். இல்லையென்றால் நானே வந்திருப்பேன். ரேவதி ஓட்டட்டும், பிரபு டைப் பண்ணட்டும். ஓட்டும்போது ரேவதி போனைத் தொடக் கூடாது. அப்புறம், நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று ஓனரிடம் இப்போதே சொல்லிவிடு.

அம்மா, 8:50
சாப்பிட்டுவிட்டுப் போங்கள் இரண்டு பேரும்.

*சனிக்கிழமை*

பிரபு, காலை 7:18
வந்துவிட்டோம் மாமா. பானெட் மேல் கை வைத்தேன், சில்லென்று இருக்கிறது.

மாமா, 7:19
சாவியை ஆன் பண்ணு, ஸ்டார்ட் வேண்டாம். செக் என்ஜின் விளக்கு எரிகிறதா? ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதில் கை வைத்திருக்கலாம்.

பிரபு, 7:22
எரிந்தது, ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிட்டது. ஸ்கேனரில் கோளாறு கோட் எதுவும் இல்லை. ஆனால் ரெடினெஸ் (கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் சோதனைகள்) பாதிக்கு மேல் "முடியவில்லை" என்று காட்டுகிறது.

மாமா, 7:26
அப்படியென்றால் கம்ப்யூட்டர் நினைவு சமீபத்தில் அழிந்திருக்கிறது. யாராவது கோடை அழித்திருக்கலாம், இல்லை பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். தகராறு பண்ணாமல் சும்மா கேட்டுப் பார்.

பிரபு, 7:29
போன வாரம்தான் புது பேட்டரி போட்டாராம். பில் காட்டினார். அதனால் கியர் கொஞ்சம் முரட்டுத்தனமாக மாறலாம் என்கிறார்.

மாமா, 7:34
பில் இருந்தால் நம்பலாம். சில வண்டிகளில் பேட்டரி எடுத்தால் கியர்பாக்ஸ் தான் பழகி வைத்திருந்ததை மறந்துவிடும், கொஞ்ச நாள் மாற்றம் முரடாக இருக்கும். ஆனால் எல்லாக் குறையையும் அதன் தலையில் போட முடியாது. உன் ஸ்கேனர் பெரும்பாலும் என்ஜின் கம்ப்யூட்டரைத்தான் படிக்கும் பிரபு, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரை முழுதாகப் படிக்காது. பி0700 என்ற கோட் வந்தால்கூட, "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, போய்ப் பார்" என்றுதான் அர்த்தம். கோட் இல்லை என்பதை வைத்து வண்டி நல்லது என்று முடிவு கட்டாதே.

மாமா, 7:36
இப்போது பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு என்-இலிருந்து (நியூட்ரல்) டி (முன்னால் போவது). அப்புறம் என், அப்புறம் ஆர் (ரிவர்ஸ்). லீவரைப் போட்டதிலிருந்து வண்டி கியரைப் பிடிக்கும் லேசான அசைவு வரை எவ்வளவு நேரம்?

பிரபு, 7:39
டி-க்கு ஒரு செகண்டுக்குள். ஆர்-க்கு ஒரு செகண்ட் இருக்கும். ஆர் போடும்போது லேசாக "டக்" சத்தம்.

மாமா, 7:43
நேரம் நல்லது. இரண்டு மூன்று செகண்ட் ஆகியிருந்தால் ஆயில் குறைவு, பிரஷர் குறைவு, இல்லை உள்ளே சீல் தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படணும். "டக்" என்பதைக் கேட்டதும் கியர்பாக்ஸ் என்று முடிவு செய்ய வேண்டாம், என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுன்ட் தளர்ந்தாலும் அதே சத்தம் வரும். பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் யாரும் நிற்காமல், பக்கவாட்டில் நின்று பார். ரேவதி பிரேக்கை விடாமல் டி, ஆர் மாற்றட்டும். என்ஜின் எகிறுகிறதா?

பிரபு, 7:48
ஆர் போடும்போது ஒரு பக்கம் தூக்குகிறது மாமா. மற்ற பக்கம் அசையவில்லை.

மாமா, 7:49
மவுன்ட். பெரிய விஷயமில்லை, விலையில் பேசிக்கொள்ளலாம். கிளம்புங்கள். சத்தி ரோட்டு நெரிசலில் மெதுவாகப் போங்கள். ஆக்சிலரேட்டரை லேசாக மட்டும் மிதிக்கணும். ஒவ்வொரு கியர் மாறும்போதும் ஆர்பிஎம் முள் இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் ஒரு துள்ளு துள்ளினால் சிலிப். அதைத்தான் கவனமாகப் பார்க்கணும் பிரபு.

பாலு சித்தப்பா, 7:52
அண்ணா, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தி ஒரு டெஸ்ட் பண்ணுவார்களே, அதைச் செய்யச் சொல்லலாமே?

மாமா, 7:58
வேண்டவே வேண்டாம். அது ஸ்டால் டெஸ்ட். வண்டி நகராமல் என்ஜின் முழு பலமும் கன்வெர்ட்டருக்குள் ஆயிலைச் சூடாக்குவதற்கே போகும். பட்டறையிலேயே 5 செகண்டுக்கு மேல் பிடிக்க மாட்டோம், பிடித்த பிறகு என்-இல் போட்டு ஆற விடுவோம். பிரேக் வழுக்கினால் வண்டி எதிரே இருப்பவர் மேல் பாயும். அடுத்தவர் வண்டியில், தெருவில், செய்யக் கூடாத வேலை. உன் ஏஎம்டியிலும் தயவுசெய்து முயற்சி செய்யாதே, கிளட்ச் கருகிவிடும்.

பிரபு, 8:31
நீலாம்பூர் வந்துவிட்டோம். டீக்கடை ஓரம் நிறுத்தி டைப் பண்ணுகிறேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா மாற்றமும் மென்மை. முள் எங்கும் துள்ளவில்லை. 50-இல் போகும்போது அக்கா சட்டென்று அழுத்தினாள், உடனே கீழ் கியருக்கு வந்து இழுத்தது. மேனுவல் மோடில் கியரைக் குறைத்தால் என்ஜின் பிடித்து நிறுத்துகிறது.

அம்மா, 8:33
அப்போ நல்ல வண்டிதானே? முடித்துவிடலாமா?

மாமா, 8:41
இன்னும் இல்லை அக்கா. இனிமேல்தான் முக்கியமான கட்டம். பிரபு, முழுதாகப் படித்துவிட்டுக் கிளம்பு.

டார்க் கன்வெர்ட்டரில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில்தான் இழுவையைக் கடத்துகிறது. அதில் எப்போதும் கொஞ்சம் நழுவல் இருக்கும், டீசல் வீணாகும். அதனால் ஒரே வேகத்தில் போகும்போது உள்ளே ஒரு கிளட்ச் பூட்டிக்கொள்ளும். அதுதான் லாக்அப். பழைய வண்டிகளில் பலமுறை முதலில் கெடுவது இதுதான். நகரத்துக்குள் ஓட்டினால் இந்தக் குறை கண்ணில் படாமலே போய்விடும்.

அவிநாசி பக்கம் ஆறு வழிச்சாலையில் இடது ஓரமாக 65-இல் பிடி. ஆக்சிலரேட்டர் லேசாக, ஒரே அளவில். ஏதாவது அதிர்வு வந்தால், பின்னால் வண்டி இல்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஆக்சிலரேட்டரை மாற்றாமல் இடது காலால் பிரேக்கை மயிரிழை தொட்டு எடுக்கணும். வேகம் குறையக் கூடாது, பிரேக் சுவிட்ச் இயங்கினால் போதும். அந்த நொடியில் கம்ப்யூட்டர் லாக்அப்பை விடுவிக்கும், ஆர்பிஎம் முந்நூறு சொச்சம் ஏறும். பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டாம். சில வண்டிகளில் இரண்டையும் சேர்த்து மிதித்தால் என்ஜின் பலத்தையே வெட்டிவிடும். ரேவதிக்கு இடது காலில் தயக்கம் இருந்தால் இதை விட்டுவிடலாம்.

பிரபு, 8:44
அக்கா முதலில் நின்ற வண்டியில் தொட்டுப் பழகிக்கொண்டாள். கிளம்புகிறோம்.

பிரபு, 9:17
மாமா, இருக்கிறது. முதலில் ஒன்றுமில்லை. பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு 62, 65-இல் லேசான நடுக்கம். ரயில்வே கேட்டுக்கு முன்னால் போட்டிருக்கும் வரிக்கோடுகள் மேல் போவது மாதிரி. இரண்டு மூன்று செகண்ட், அப்புறம் நின்றுவிடும், மறுபடி வரும்.

மாமா, 9:18
ஆக்சிலரேட்டரை விட்டால்? அழுத்தினால்? பிரேக் தொட்டால்?

பிரபு, 9:21
விட்டால் உடனே இல்லை. அழுத்தினாலும் கியர் மாறி, நடுக்கம் போய்விடுகிறது. பிரேக்கைத் தொட்டதும் 1500-இலிருந்து 1800-க்கு ஏறியது, நடுக்கம் அந்த நொடியே நின்றது. திரும்பவும் செய்து பார்த்தோம், அதேதான். ஓனர் பின் சீட்டில் இருக்கிறார், டயர் பேலன்சிங் என்கிறார்.

மாமா, 9:29
டயர் என்றால் வேகம் மாறாதவரை நடுக்கமும் மாறாது. ஆக்சிலரேட்டரை விட்டாலும், பிரேக்கைத் தொட்டாலும் அது பாட்டுக்கு இருக்கும். என்ஜின் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியாதது) என்றால் அழுத்தும்போது இன்னும் கூடும், இங்கே போய்விடுகிறது. வேகமும் மிதியும் மாறாமல் லாக்அப் ஒன்றுதான் விடுபட்டது, அதோடு நடுக்கமும் போனது. கை காட்டுவது லாக்அப் கிளட்ச் பக்கம்தான். புது பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓனரிடம் கோபமாகப் பேச வேண்டாம், அவர் நகரத்துக்குள் மட்டும் ஓட்டியிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது.

மாமா, 9:31
வரும் வழியில் ஏதாவது பேஸ்மென்ட் ரேம்ப்பில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள், இப்போது ஆயில் சூடாக இருக்கிறது. அப்புறம் அதே சரிவில் பி (பார்க்கிங்) போட்டு பிரேக்கை மெதுவாக விடு. கொஞ்சம் உருண்டு நிற்க வேண்டும்.

ரேவதி அக்கா, 10:12
இறங்கிவிட்டேன், இப்போது நானே பேசுகிறேன். ரிவர்ஸில் நழுவாமல் ஏறியது. பி-யிலும் நின்றது. எனக்கு வண்டி பிடித்திருக்கிறது மாமா, ஆனால் அந்த நடுக்கம் பயமாக இருக்கிறது. விட்டுவிடட்டுமா?

பாலு சித்தப்பா, 10:14
விட்டுவிடு. வேறு வண்டியா கிடைக்காது.

மாமா, 10:25
இன்றைக்கே முடிவு வேண்டாம். கியர் கிளட்ச், பிரஷர், ரிவர்ஸ் எல்லாம் சூட்டிலும் நன்றாக வேலை செய்கிறது, அது பெரிய விஷயம். இந்த நடுக்கத்துக்குப் பலமுறை காரணம் பழைய ஆயில். "ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். கோயம்புத்தூர் வெயிலிலும் நெரிசலிலும் ஓடும் வண்டிக்கு அந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். சர்வீஸ் புத்தகத்தில் கியர் ஆயில் மாற்றிய பதிவு இருக்கிறதா?

ரேவதி அக்கா, 10:31
இல்லை. 82,000 கிமீ ஓடியிருக்கிறது.

மாமா, 10:38
சரி. ஓனரிடம் இப்படிப் பேசு. ஆட்டோமேட்டிக் வேலை தெரிந்த பட்டறையில் ஆயில் மாற்றட்டும். வண்டிப் புத்தகத்தில் எந்த ஆயில் போட்டிருக்கிறதோ அதே வகைதான். வேறு ஆயில் ஊற்றினால் அதுவே நடுக்கம் கொண்டுவரும். அளவும் என்ஜின் ஓடும்போது, வண்டி சமமாக நிற்கும்போது, புத்தகத்தில் சொன்ன சூட்டில் பார்க்கணும். அப்புறம் சில நாள் ஓட்டிவிட்டு அதே ரோட்டில், அதே 65-இல் மறுபடி பார்க்கலாம். நின்றுவிட்டால் வாங்கு. நிற்கவில்லை என்றால் கன்வெர்ட்டரை இறக்க வேண்டிவரும், அதற்கு அவர் விலையைக் குறைக்கணும், இல்லை நீ விட்டுவிடணும். அதுவரை ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதே.

ரேவதி அக்கா, 11:05
பேசிவிட்டேன். ஆயில் செலவில் பாதி அவர், பாதி நான். நான் வண்டி வாங்கவில்லை என்றால் என் பாதியைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தார். திங்கள் காலை 10 மணிக்குப் பட்டறையில் வண்டியைத் தூக்கும் லிஃப்ட் கிடைத்திருக்கிறது.

மாமா, 11:09
அருமை கண்ணு. பான் (கியர்பாக்ஸ் அடியில் இருக்கும் ஆயில் தட்டு) கழற்றும்போது வீடியோ கால் போடு. அதற்குள் ஒரு காந்தம் இருக்கும். சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தால் சாதாரண தேய்மானம். கையில் எடுத்துப் பார்க்கும்படி இரும்புச் சில் இருந்தால், ஆயில் ஊற்றும் முன்பே நிறுத்தச் சொல். ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டு வை. கருகின வாசனை வருகிறதா, ரோஸ் நிறத்தில் பால் மாதிரி கலங்கியிருக்கிறதா என்று பார்க்கணும். பால் மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அப்போது பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடு.

ரேவதி அக்கா, 11:11
சரிங்க மாமா. பிரபு, திங்கள் லீவு போடு.

பிரபு, 11:12
போட்டாச்சு அக்கா.