செஸ் போட்டியில் எதிரில் உட்காருகிறவர்கள் எல்லாம் எஞ்சின் (செஸ் ஆடும் கணினி நிரல்) சொல்லும் லைனை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள், வேலைக்குப் போகிற ஆள் என்ன செய்வது?

கறுப்புக்காய்:
வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் 1650 பக்கம். படிக்கிற காலத்தில் நிறைய ஆடினேன், நடுவில் பல வருடம் விட்டுவிட்டு இப்போதுதான் திரும்பவும் ரேட்டிங் போட்டிகளுக்குப் போய்வருகிறேன். முன்பெல்லாம் ஒரு ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க மூவ்கள்) புத்தகம், கையில் இரண்டு மூன்று பொறி, இவ்வளவு இருந்தால் வண்டி ஓடும். இப்போது பன்னிரண்டு வயதுப் பையன் காரோ-கான் ஓப்பனிங்கில் பதினான்கு மூவ் மூச்சு விடாமல் ஆடுகிறான். மூவுக்கு முப்பது விநாடி சேர்வதால் அவன் கடிகாரத்தில் ஆரம்பித்ததைவிட அதிக நேரம் இருக்கிறது, எனக்கோ அரை மணி நேரம் போயே போச்சு. முடிந்தபிறகு கேட்டால் "எஞ்சின் லைன் அங்கிள்" என்கிறான்.

வீட்டுக்கு வந்து ஆட்டத்தை ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினில் போட்டால் யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டுகிற ஒரு கோடு மேலேயும் கீழேயும் போகிறது, சிவப்பில் நாலு மூவைக் காட்டுகிறது, "ஓ, இது தப்பா" என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். மறுபடி அதே மாதிரிதான் தோற்கிறேன். நானும் உட்கார்ந்து எஞ்சினோடு ஓப்பனிங் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? வாரத்தில் நாலைந்து மணி நேரம் கிடைத்தால் அதிகம். இல்லை, இந்த வயதில் ஆன்லைன் பிளிட்ஸோடு (சில நிமிட வேக ஆட்டம்) நிறுத்திக்கொள்வதுதான் மரியாதையா?

மூன்றாம்வரிசை:
சார், முதலில் தோற்ற ஆட்டங்களின் ஸ்கோர்ஷீட்டை (மூவ் எழுதிய தாளை) எடுத்துப் பாருங்கள். ஆட்டம் கையை விட்டுப் போனது பதினான்காவது மூவிலா, முப்பதுக்குப் பக்கத்திலா? 1600, 1700 லெவலில் பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். நம் லெவலை விடுங்கள், 2024 உலக சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் டிராவாக வேண்டிய எண்ட்கேமில் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில்) ரூக்கை வைக்கக்கூடாத இடத்தில் வைத்தார். குகேஷ் ரூக்கை மாற்றி, பிஷப்பையும் மாற்ற வைத்து, வெறும் சிப்பாய் ஆட்டத்தில் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அவர்களிடம் இல்லாத எஞ்சின் தயாரிப்பா?

அப்புறம் அந்தக் கோடு. ஸ்டாக்ஃபிஷ் 15.1 வந்ததிலிருந்து +1.00 என்பது ஒரு சிப்பாய் மதிப்பு இல்லை, அதே பலமுள்ள எஞ்சின்கள் தங்களுக்குள் ஆடினால் ஜெயிக்க ஐம்பது சதவீத வாய்ப்பு என்று பொருள். அப்படியென்றால் உங்கள் ஆட்டத்தில் +0.3 போய் -0.2 வந்ததற்கெல்லாம் துக்கம் கொண்டாட வேண்டியதில்லை.

எஞ்சின் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஃபிலிடோர் நிலை தெரியும்தானே? எதிராளிக்கு ரூக்கும் சிப்பாயும், நமக்கு ரூக் மட்டும், நம் ராஜா சிப்பாய்க்கு எதிரே நிற்கிறது. நம் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது வரிசையில் ரூக்கை நிறுத்தி அவன் ராஜாவை உள்ளே விடாமல் அடைக்க வேண்டும். அவன் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளினதும் நம் ரூக் பலகையின் மறுகோடிக்குப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவன் ராஜாவுக்கு ஒளிய இடமே இருக்காது. இதில் எஞ்சினைப் போட்டால் நாலைந்து மூவுக்கு 0.00 என்று காட்டும். எல்லாமே டிராதான், பொய் இல்லை. ஆனால் அதில் ஒன்று தூங்கிக்கொண்டே ஆடலாம், மற்றவை கயிற்றின் மேல் நடப்பது. கடிகாரத்தில் ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்போது எது வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரிய வேண்டும்.

நான் செய்வது இதுதான்: ஆட்டம் முடிந்ததும் எஞ்சின் இல்லாமல் ஒரு முறை முழுக்க ஆடிப்பார்த்து, எங்கெங்கே என்ன நினைத்தேன், எதற்குப் பயந்தேன், எந்த மூவை யோசித்துவிட்டுக் கைவிட்டேன் என்று பக்கத்திலேயே எழுதுவேன். அதற்குப் பிறகுதான் எஞ்சின். அப்போது அது "தப்பு" என்று சொல்வது மூவை இல்லை, நான் எழுதி வைத்த நினைப்பை. குகேஷையே சின்ன வயதில் கிராண்ட்மாஸ்டர் லெவல் வரும்வரை எஞ்சின் பக்கம் விடாமல்தான் வளர்த்தார்கள்.

சிசிலியன்காரன்:
மேலே சொன்னதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். "ஓப்பனிங் முக்கியமில்லை" என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள், சொல்கிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே ஓப்பனிங் தெரிந்தவர்கள். கறுப்புக்காய் அண்ணா முப்பதாவது மூவில் செய்த தப்புக்கு விதை எட்டாவது மூவில் விழுந்திருக்கிறது. அங்கே அரை மணி நேரம் செலவழித்ததால்தான் கடைசியில் யோசிக்க நேரம் இல்லை. பையன் நல்ல நிலைக்கு வரவில்லை, நேரத்தைச் சேமித்துவிட்டான், அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு எஞ்சினின் முதல் தேர்வைப் பின்பற்றி நைடார்ஃப் ஓப்பனிங்கில் இருபது மூவ் படிக்கிற வேலை வேண்டாம். லிசெஸ் இணையதளத்தின் ஓப்பனிங் எக்ஸ்புளோரரில் மாஸ்டர் ஆட்டங்களை விட்டுவிட்டு சாதாரண ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை மட்டும், ரேட்டிங் வாரியாக, நேர அளவு வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம் (அங்கே ரேட்டிங் ஃபிடேயைவிடக் கூடத்தான் இருக்கும், அதற்கேற்ப இரண்டு படி மேலே தள்ளி வையுங்கள்). உங்கள் ஓப்பனிங்கைப் போட்டுப் பாருங்கள், தியரியில் பெரிதாகப் பேசுகிற வழியை எதிராளிகள் தொடுவதே இல்லை, புத்தகம் ஒரு வரியில் ஒதுக்குகிற மூவைத்தான் வந்தவன் போனவன் எல்லாம் ஆடுகிறான் என்று தெரியும். அந்த மூன்று நாலு மூவுக்கு மட்டும் எஞ்சினிடம் கேளுங்கள், அதுவும் "ஏன்" புரிகிற வரைக்கும். வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு, அதற்கு மேல் தொடாதீர்கள். உங்களிடம் இருக்கிற நாலு மணி நேரத்தில் ஒரு மணிக்கு மேல் இது சாப்பிடாது.

இன்னொன்று, ரேட்டிங் போகிறதே என்று மனம் உடையாதீர்கள், அது கணக்கு. நீங்கள் 1650, பையன் 1450 என்று வையுங்கள். உங்கள் கே (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கான எண்) 20, அதனால் நீங்கள் தோற்றால் 15 புள்ளி போகும். அவன் பதினெட்டு வயதுக்குள், 2300-க்குக் கீழே, அதனால் கே 40, அவனுக்கு 30 ஏறும். அவன் ரேட்டிங் அவன் பலத்தைத் துரத்திக்கொண்டே இருக்கிறது, நீங்கள் பழைய எண்ணைப் பார்த்து ஏமாறுகிறீர்கள்.

பிளிட்ஸ்பைத்தியம்:
எல்லாம் சரி ப்ரோ, ஆனால் எதிராளி அடிக்கடி எழுந்து போகிறான், திரும்பி வந்ததும் சூப்பர் மூவ் ஆடுகிறான், அதற்கு என்ன பதில்? இன்று போனில் இருக்கிற எஞ்சின் உலக சாம்பியனையே தோற்கடிக்கும். 1997-ல் காஸ்பரோவைத் தோற்கடிக்க ஐபிஎம் பீரோ சைஸில் டீப் புளூவைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

பழைய ஆர்பிட்டர்:
இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஃபிடே விதிப்படி ஆட்டம் நடக்கும்போது ஆர்பிட்டர் (நடுவர்) அனுமதிக்காத மின்னணுக் கருவி எதுவும் வளாகத்துக்குள் உங்களிடம் இருக்கக்கூடாது. இருப்பது தெரிந்தால் ஆட்டம் போச்சு, பயன்படுத்தினீர்களா இல்லையா என்ற கேள்வியே இல்லை. அணைத்துப் பைக்குள் வைக்கலாம் என்றும், தண்டனை இதைவிடக் குறைவு என்றும் அந்தப் போட்டியின் விதிமுறை சொல்லலாம், அதனால் முதல் ரவுண்டுக்கு முன்னால் அதைப் படித்துவிடுங்கள். இப்படி நான் தோற்றதாக அறிவித்தவர்களில் பலர் ஏமாற்றவில்லை, பாக்கெட்டில் போனை மறந்தவர்கள்.

சந்தேகம் இருந்தால் ஆட்டம் நடக்கும்போதே ஆர்பிட்டரிடம் வந்து மெதுவாகச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் எழுதிக் கொடுங்கள். எதிராளியிடம் நேரடியாகக் கேட்காதீர்கள், முடிந்தபிறகு குரூப்பில் பெயர் போட்டு எழுதவும் செய்யாதீர்கள். ஆதாரமில்லாத குற்றச்சாட்டுக்கும் நடவடிக்கை உண்டு. என் அனுபவத்தில் அடிக்கடி எழுந்து போகிறவர்கள் பெரும்பாலும் பதற்றத்தில் போகிறவர்கள்தான்.

கறுப்புக்காய்:
எல்லாருக்கும் நன்றி. ஸ்கோர்ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம்வரிசை சொன்னதும் சரி, சிசிலியன்காரன் சொன்னதும் சரி: தோற்ற மூவ் எல்லாம் இருபத்தெட்டுக்கு மேல்தான், ஆனால் அந்த நேரத்தில் கடிகாரத்தில் ஐந்து நிமிடம்கூட இல்லை. ஒரே ஒரு சந்தேகம். எழுதி வைத்துவிட்டு எஞ்சினைப் போட்டேன், அது சொன்ன மூவ் ஏன் நல்லது என்றே புரியவில்லை. அதை என்ன செய்வது?

மூன்றாம்வரிசை:
அதற்கு எதிராக உங்களுக்குத் தோன்றுகிற பதிலை நீங்களே ஆடிப்பாருங்கள், எஞ்சின் எப்படித் தண்டிக்கிறது என்று தெரியும். நாலு பதில் போட்டும் புரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது 2500 ஆட்களுக்கான மூவ். எஞ்சினின் இரண்டாவது, மூன்றாவது தேர்வைப் பாருங்கள், 0.2 குறைவாக இருந்தாலும் புரிகிற மூவ் ஒன்று அதில் இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரோ-கான் ஆட்டத்தை இங்கே போடுங்களேன், சனிக்கிழமை வரைக்கும் யாரும் எஞ்சினைத் தொடாமல் பார்ப்போம்.