90,000 ரூபாவுக்கு நிக்கொன் டி750: வாங்கலாமா?

கோண்டாவிலான்:

வணக்கம். இரண்டு வருடமாக ஒரு கலியாணப் படப்பிடிப்பாளரிடம் லைட் பிடித்தும் பை தூக்கியும் வேலை பழகுகிறேன். சொந்தமாக இருப்பது ஒரு கெனான் 1300டி கமரா மட்டும். அடுத்த மாதம் தெரிந்தவர்களின் சாமத்திய வீட்டை முதன்முறையாக என் பொறுப்பில் எடுக்கப் போகிறேன். மண்டப வெளிச்சத்தில் 1300டியால் எடுத்தால் படம் முழுவதும் மணல் தூவியதுபோல வருகிறது.

நேற்று ஒரு விளம்பரம் பார்த்தேன். நிக்கொன் டி750, 24-120 லென்ஸுடன், 90,000 ரூபா. இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. இதே சோடிக்கு மற்றவர்கள் இரண்டு இலட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். பெட்டி இல்லை, பற்றுச்சீட்டு இல்லை, வெளிநாடு போகிற அவசரம் என்று எழுதியிருக்கிறார். அம்மாவின் காப்பை அடகு வைத்த காசு என்னிடம் இருக்கிறது. வாங்கலாமா? நான் யோசித்து முடிப்பதற்குள் வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்று பயமாகவும் இருக்கிறது.

முகூர்த்தம்:

தம்பி, வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

பதினான்கு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் நல்லூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில், பந்தி நடந்த நேரம், மணவறைக்குப் பின்னால் வைத்திருந்த என் பை காணாமற் போனது. இரண்டு கமரா, மூன்று லென்ஸ். ஆனால் அன்று என்னை உடைத்தது அந்த நட்டம் அல்ல. காலையில் எடுத்த தாலிகட்டுப் படங்கள் அத்தனையும் அந்தக் கார்டுகளுக்குள் இருந்தன. பெண்ணின் தகப்பனார் ஒரு சொல்லும் ஏசவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கும் அந்த மண்டபத்துக்குள் போனால் எனக்குக் கை நடுங்கும்.

பொலிஸில் தொடரிலக்கம் கேட்டார்கள். பெட்டியை எப்போதோ எறிந்துவிட்டேன். பழைய படக் கோப்புகளுக்குள்ளேயே கமராவின் தொடரிலக்கம் பதிந்திருக்கும் என்று ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. எடுத்துக் கொடுத்தபோது பத்து நாள் ஓடிவிட்டது.

அந்தக் கமராவை யாரோ ஒருவர் பெட்டி கேட்காமல், பற்றுச்சீட்டு கேட்காமல், மலிவு என்று வாங்கியிருக்கிறார். வாங்க ஆள் இருக்கிறபடியால்தான் அது களவு போனது. வாங்க ஆளில்லாவிட்டால் அந்தப் பை கள்ளனுக்கு வெறும் சுமை. தொழில் தொடங்கும்போதே அந்த ஆளாக நீர் இருக்க வேண்டாம்.

பூநாரை:

முகூர்த்தம் அண்ணாவின் இழப்பைப் படித்து மனம் கனத்தது. ஆனாலும் மலிவாக விற்பவர்கள் எல்லாரையும் அந்தக் கள்ளனோடு ஒரே வரிசையில் நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. கடவுச்சீட்டுக்கு மக்கள் இரவிரவாக வரிசையில் நின்ற காலம் அது. அப்போது நெல்லியடியில் ஒரு குடும்பம் கட்டில், குளிர்சாதனப் பெட்டி, தையல் மெஷின் எல்லாவற்றையும் ஒரே கிழமையில் விற்றது. அவர்களிடம்தான் என்னுடைய 300 மில்லிமீற்றர் லென்ஸை அரை விலைக்கு வாங்கினேன். அந்த அக்கா லென்ஸைத் துடைத்துத் துடைத்துத் தந்தார். சுண்டிக்குளத்தில் பூநாரைகளை எடுத்த படங்கள் எல்லாம் அந்த லென்ஸில் எடுத்தவை. "விலை குறைவு, ஆகவே களவு" என்று நான் அன்று திரும்பியிருந்தால் அந்த அக்காவுக்கும் நட்டம், எனக்கும் நட்டம்.

இன்னொன்று. டி750 வெளிவந்தது 2014இல். 2018இல் உள்ளே கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) நிக்கொன் இசட் வரிசை வந்தது. 2020இல் டி780யும் வந்துவிட்டது. கலியாணப் படப்பிடிப்பாளர்கள் பலர் கண்ணாடி இல்லாத கமராக்களுக்கு மாறுகிறார்கள். பழைய கமராக்களின் விலை விழத்தான் செய்யும். தம்பி, நேரில் போய்ப் பாருங்கள். நல்லதாக இருந்தால் வாங்குங்கள்.

பூதக்கண்ணாடி:

கமரா திருத்துவது என் தொழில். களவா இல்லையா என்று கமராவைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. அது எவ்வளவு உழைத்திருக்கிறது என்று சொல்ல முடியும். தம்பி, போவதென்றால் இவற்றைப் பாரும்.

டி750இன் ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடுகிற திரை, 150,000 தடவை இயங்கும்படி சோதிக்கப்பட்டது. அதைத் தாண்டினால் உடனே நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. இரண்டு இலட்சம் கடந்தும் ஓடுகிற கமராக்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் கலியாணத்துக்கு ஓடிய கமரா ஒரு நாளில் இரண்டாயிரம் படம் எடுத்திருக்கும். எண்ணிக்கையை விற்பவர் வாயால் கேட்கத் தேவையில்லை. நிக்கொன் எடுக்கும் ஒவ்வொரு படக் கோப்பிலும் அது பதிந்திருக்கும். உம்முடைய கார்டைப் போட்டு ஒரு படம் எடுத்து, கணினியில் திறந்து பாரும். வட்ஸ்அப்பில் வந்த படத்தில் அந்த விவரம் இருக்காது. மூலக் கோப்புத்தான் வேண்டும்.

முக்காலி பூட்டும் துளைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாரும். டி750 வந்த புதிதில் சில கமராக்களில் எதிர்வெளிச்சப் படங்களில் விநோதமான ஒளிக்கீறு விழுந்தது. நிக்கொன் இலவசமாகத் திருத்திக் கொடுத்தது. அந்தப் புள்ளி திருத்தியதற்கான அடையாளம். 2015இல் சில கமராக்களின் ஷட்டரிலும் பழுது இருப்பதாக அறிவித்து மாற்றிக் கொடுத்தார்கள். இது அந்தக் கமராக்களில் ஒன்றா என்று தொடரிலக்கத்தைக் கொண்டு பார்க்கலாம். ஆகவே அதைக் குறித்துக்கொள்வதில் இரட்டைப் பயன்.

பற்றறி விவரத்தை மெனுவில் திறந்தால் அதன் வயதை 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் புதுப் பற்றறிக்கும் காசு ஒதுக்கும்.

லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கமாக டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பாரும். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் பூஞ்சணம். எங்கள் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் இருக்கின்றன. அலுமாரியில் மூடிவைத்த லென்ஸுக்குத்தான் அது கூடுதலாக வரும். தொடக்கத்தில் துடைக்கலாம். கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிட்டால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு லென்ஸின் துவாரத்தை எஃப்22க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்தால், படத்தைப் பதிகிற சென்சரில் உள்ள தூசி எல்லாம் புள்ளியாகத் தெரியும். தூசிக்குப் பயப்படத் தேவையில்லை. அடிப்பக்கத் திருகாணிகளில் துரு இருந்தால் மட்டும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வாரும். அந்தக் கமரா கடல் தண்ணீர் கண்டிருக்கலாம்.

கறுப்பு அங்கி:

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். களவுப் பொருள் என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும், நேர்மையற்ற முறையில் அதை வாங்கி வைத்திருப்பது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். "எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. இரண்டு இலட்சத்துப் பொருளைப் பெட்டியும் சீட்டும் இல்லாமல் தொண்ணூறுக்கு வாங்கினீர்களே, சந்தேகம் வரவில்லையா என்று நீதிவான் நீதிமன்றத்தில் கேட்பார்கள்.

1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. பொதுவாக, தனக்குச் சொந்தமில்லாததை விற்பவரால் வாங்குபவருக்கு உரிமையைக் கொடுக்க முடியாது. உண்மையான சொந்தக்காரர் வந்தால் கமராவும் போகும், காசும் போகும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அது வியாபாரிகளைப் பற்றிய முறைப்பாடுகளுக்கானது.

வாங்குவதென்றால் விற்பவரின் அடையாள அட்டைப் பிரதி, தொடரிலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு, இரண்டு சாட்சிக் கையெழுத்து. சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்துத் தந்தால் இன்னும் நல்லது. நேர்மையாக விற்பவருக்கு அரை மணி நேர வேலை.

பூநாரை:

கடிதம் எழுதி வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. எழுதத்தான் வேண்டும். ஆனால் ஒரு கேள்விக்கு எல்லாரும் மனம் திறந்து பதில் சொல்லுங்கள். பட்டினத்தில் ஒரு கடையில் பாவித்த லென்ஸை முழு விலை கொடுத்து வாங்கும்போது, இதன் முதல் சொந்தக்காரர் யார் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? தொடரிலக்கத்தைப் பொலிஸில் கொடுத்துப் பார்த்தீர்களா? கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தால் சுத்தமான பொருள், ஒருவர் வீட்டு வாசலில் வைத்து விற்றால் களவுப் பொருள் என்றா நினைக்கிறோம்? இரண்டரை இலட்சம் வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்விகள் வருவதே இல்லை. தொண்ணூறாயிரத்தோடு நிற்கிற பிள்ளையிடம் மட்டும் எல்லாக் கேள்வியையும் கேட்கிறோம். இந்தத் தொழிலுக்குள் வசதியில்லாத பிள்ளைகள் நுழைய மிஞ்சியிருக்கிற ஒரே வாசல் மலிவான பழைய கமராதான். அதையும் பூட்டிவிடாதீர்கள்.

முகூர்த்தம்:

தங்கச்சி, நீங்கள் கேட்டது எனக்குத் தைத்தது. களவு போன பின் நானே இரண்டு லென்ஸ் கடையில் வாங்கினேன். யாருடையது என்று கேட்கவில்லை. எரிந்தவன் நானே கேட்கவில்லை. இன்று காலை எடுத்து அவற்றின் இலக்கங்களைப் பார்த்தேன். முன்பு இருந்தவரின் பெயர் கூட எனக்குத் தெரியாது.

ஆனால் அதனால் தம்பியும் கேட்காமல் வாங்கலாம் என்று ஆகாது. நான் செய்தது பிழை என்றுதான் ஆகும். அரை விலைக்கு விற்பவர் ஏன் அந்த விலை என்று சொல்ல வேண்டும். உங்கள் நெல்லியடி அக்கா சொன்னார்; கட்டில் போவதையும் கண்ணால் கண்டீர்கள். இந்த ஆள் "அவசரம்" என்ற ஒரு சொல்லோடு நிற்கிறார்.

கோண்டாவிலான்:

எல்லாருக்கும் நன்றி. இன்று அவரோடு தொலைபேசியில் கதைத்தேன். மரியாதையாகத்தான் கதைத்தார். இப்போது கொழும்பில் நிற்கிறாராம். 30,000 ரூபா முற்பணமாக வங்கியில் போட்டால் இரவு பஸ்ஸில் பார்சலாக அனுப்பிவிடுவாராம். மிச்சத்தைக் கமரா கைக்கு வந்த பிறகு போடலாமாம். பொருளைக் கண்ட பிறகுதானே பெரிய தொகை கொடுக்கிறேன், அது நியாயம்தானே என்று எனக்குப் பட்டது. அவர் அனுப்பிய மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

பூதக்கண்ணாடி:

ஒரு சதமும் போட வேண்டாம். பஸ்ஸில் வந்த பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஓட்டுத் துண்டை எனக்குக் கொண்டுவந்து காட்டி அழுத பிள்ளைகளைத் தெரியும். முப்பதாயிரம் முற்பணம் இல்லை, தம்பி. அவருக்கு வேண்டிய முழுத் தொகையே அதுதான்.

பூநாரை:

முற்பண விஷயத்தில் நானும் மற்றவர்களோடு நிற்கிறேன். பார்க்காத பொருளுக்குக் காசு இல்லை. என் அண்ணா மகன் வெள்ளவத்தையில் படிக்கிறார். முழுக் காசோடு எங்கே வரச் சொன்னாலும் வருவார் என்று அந்த ஆளிடம் சொல்லிப் பாருங்கள். உண்மையில் வெளிநாடு போகிறவர் என்றால் அதைவிட அவருக்கு என்ன வேண்டும்? சந்தேகப்பட்டுத் திரும்புவதற்கு முன் அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுப்போம்.

முகூர்த்தம்:

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேசைக்குப் பின்னால், ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு சேர்ந்து வெள்ளை நிறத்தில் வரிவரியாக ஒரு இரும்பு. நான் சுவிஸில் தம்பி வீட்டில் இரண்டு மாதம் இருந்தவன். அது பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்குகிற சூடேற்றி. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ யார் வீட்டில் அது இருக்கிறது?

கோண்டாவிலான்:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் முழுக் காசோடு வருவார் என்று சொன்னேன். முதலில் சரி என்றார். ஒரு மணி நேரத்தில் அழைத்து, வேறொருவர் முற்பணம் போடப் போகிறார், இன்று இரவுக்குள் நீங்கள் போட்டால் உங்களுக்கு என்றார். கமராவின் தொடரிலக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அதன் பிறகு அழைப்பை எடுக்கவில்லை. நேற்று அதே படங்களோடு அதே விளம்பரம் மறுபடியும் வந்திருக்கிறது. விலை 80,000. இடம் மட்டக்களப்பு.

உண்மையைச் சொல்கிறேன். அன்று மாலை வங்கி வரை போய்விட்டேன். வாசலில் நின்றுதான் கடைசியாக இந்தப் பக்கத்தைத் திறந்து படித்தேன்.

பூநாரை:

நல்ல காலம். ஆனாலும் என் பேச்சிலிருந்து நான் இறங்கவில்லை. இவர் இரண்டு இலட்சம் என்று போட்டிருந்தாலும் முற்பணம் கேட்டுத்தான் இருப்பார். காட்டிக்கொடுத்தது விலை இல்லை; நேரில் வராததும் இலக்கத்தைக் காட்டாததும்தான்.

முகூர்த்தம்:

இரண்டு இலட்சம் என்று போட்டிருந்தால் தம்பி அந்த விளம்பரத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார், தங்கச்சி. காப்பு அடகு வைத்த பிள்ளைக்கு எட்டுகிற விலையாகப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். இதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

தம்பி, சாமத்திய வீட்டுக்கு என் இரண்டாவது கமராவைக் கொண்டுபோம். வாடகை வேண்டாம். அதற்குள் இரண்டு கார்டு போடலாம். இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வைத்து எடும். சாப்பிடப் போகும்போது கமரா தோளில் இருக்க வேண்டும்.

பூதக்கண்ணாடி:

என்னிடம் ஒரு வாடிக்கையாளரின் டி7200 விற்பனைக்கு இருக்கிறது. ஷட்டர் 96,000. லென்ஸின் ஓரத்தில் கொஞ்சம் பூஞ்சணம் இருந்தது, துடைத்துவிட்டேன். ஒரு தழும்பு நிற்கிறது, அதையும் காட்டுகிறேன். இதன் சென்சர் டி750இன் சென்சரை விடச் சிறியது, மண்டபத்துக்குள் அந்த அளவுக்குத் தராது. சொந்தக்காரர் சாவகச்சேரியில் இருக்கிறார், நேரில் வந்து கையெழுத்து வைப்பார். விலையை அவரோடு பேசும். சனிக்கிழமை கடை திறந்திருக்கும்.

கோண்டாவிலான்:

சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன், ஐயா. டோர்ச்சும் என்னுடைய கார்டும் கொண்டுவருகிறேன். 1300டியின் இலக்கத்தையும் இன்று கொப்பியில் எழுதி வைத்துவிட்டேன்.