தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு: இலவசப் புத்தகம் எங்கே?

இடம்: கிருஷ்ணகிரி மாவட்டம், தளி பக்கம் ஒரு கிளை நூலகம். சனிக்கிழமை ஒரு மணி நேர வாசிப்பு, 7 முதல் 9 வயது வரை 14 பிள்ளைகள். வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், பள்ளியில் தமிழ். எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறார்கள், பொருள்தான் பிடிபடுவதில்லை. வரியில் ஆறு சொல்லைத் தாண்டினால் நின்றுவிடுகிறார்கள்.

பார்த்தவை: தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்காக வெளியிட்ட 'நுழை', 'நட' வரிசைக் கதைப் புத்தகங்கள். நன்றாகவே போனது, ஆனால் எல்லாம் படித்தாயிற்று. ஸ்டோரிவீவரில் (பிரதம் புக்ஸின் இலவசக் கதைத் தளம்) முதல் நிலைக் கதைகள்: தமிழ், தெலுங்கு இரண்டையும் தனித்தனியே இறக்கிப் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படித்தோம். பலன் இருக்கிறது. ஆனால் சில மொழிபெயர்ப்புகளில் பேச்சில் வராத சொற்கள் அதிகம். தமிழ் இலக்கிய நூல்களை இலவசமாக இணையத்தில் தரும் மதுரைத் திட்டம் பொக்கிஷம்தான், இந்த வயதுக்கு ஆகாது.

அச்சில் சிக்கல் இல்லை. தாளை நடுவில் மடித்துச் சிறு புத்தகமாக்குகிறோம்: 16 பக்கக் கதைக்கு நான்கு ஏ4 தாள், இருபுறமும், குறுகிய ஓரத்தில் திருப்பும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாகும். பக்கம் அரை ஏ4 அளவுக்குச் சுருங்குவதால் எழுத்தும் சிறுத்துவிடும், அதனால் பெரிய எழுத்தே தேவை.

பக்கத்துக்கு இரண்டு வரிக்கு மேல் போகாத, தமிழோடு தெலுங்கோ கன்னடமோ சேர்ந்த, அச்சிட்டுக்கொள்ள அனுமதியுள்ள இலவசக் கதைகள் வேறு எங்கே கிடைக்கும்?