அமிலத்தில் ஊறவைத்த களிமண் சேர்த்ததும் ஜெல் தண்ணீர் குடிப்பது குறைந்துவிட்டது, ஏன்?

கேள்வி:
அக்ரிலிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் 70 சதவீதம் நடுநிலையாக்கி, மோனோமர் (அதாவது அந்த அக்ரிலிக் அமிலம்) எடையில் 10 சதவீதம் பென்டோனைட் களிமண் கலந்து, வினையைத் தொடக்கிவைக்கப் பொட்டாசியம் பெர்சல்பேட் போட்டு ஜெல் செய்கிறேன். மண்ணை அப்படியே போட்டபோது ஒரு கிராம் ஜெல் 400 கிராம் வாலை வடிநீர் குடித்தது. மேற்பரப்பு கூடுமே என்று மண்ணை 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 80 டிகிரியில் 4 மணி நேரம் வைத்து, கழுவி, அரைத்துச் சேர்த்தேன். இப்போது 150ஐத் தாண்டவில்லை. ஊறிய துண்டை விரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரி எதிர்க்கிறது. குறுக்கிணைப்பி (ஜெல்லின் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் பொருள்) அளவில் கை வைக்கவே இல்லை.

பதில் 1:
மண் கட்டி தட்டியிருக்கும். முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட்டுக் கலக்கிவிட்டு, அப்புறம் மோனோமரைச் சேருங்கள்.

கேட்டவர்:
இரண்டு முறையும் அப்படித்தான் செய்தேன். வெட்டிப் பார்த்தேன், கட்டி ஒன்றும் இல்லை.

பதில் 2:
நீங்கள் கூட்டாத குறுக்கிணைப்பை மண்ணே கூட்டியிருக்கிறது. சூடான அமிலம் மண் அடுக்கின் நடுவிலுள்ள அலுமினியத்தையும் இரும்பையும் கரைக்கும். கரைந்ததில் ஒரு பகுதி அடுக்குகளின் இடைவெளியில் போய் ஒட்டிக்கொள்ளும். வெறும் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் அது வராது. கழுவிய நீர் நடுநிலை காட்டுவதை நம்பாதீர்கள். ஆனால் உங்கள் கலவையில் சோடியம் நிறைய இருக்கிறதே, அது அலுமினியத்தை வெளியே தள்ளிவிடும். மூன்று மின்னேற்றம் கொண்ட அந்த அயனி ஜெல் சங்கிலிகளில் எதிர் மின்னேற்றத்தோடு இருக்கும் பல கார்பாக்சிலேட்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் வலை எப்படி விரியும்?

சோதிப்பது எளிது. மண்ணை 1 மோலார் உப்புக் கரைசலில் குலுக்கி வடிகட்டி, வடிநீரில் அம்மோனியா விடுங்கள். வெள்ளையாகக் கொழகொழவென்று திரண்டால் அலுமினியம், செம்பழுப்பு என்றால் இரும்பு.

(மேற்பரப்புக்காக அமிலத்தில் வேகவைப்பது எண்ணெய் வெளுக்கும் மண்ணுக்கான வேலை. ஜெல்லுக்கு அது அவ்வளவாக உதவாது.)

கேட்டவர்:
வெள்ளையாகத்தான் திரண்டது! உப்புக் கரைசலில் மூன்று முறை குலுக்கி, கழுவிய நீர் சில்வர் நைட்ரேட்டில் கலங்குவது நிற்கும் வரை (உப்பு மிச்சமிருந்தால் கலங்கும்) கழுவிப் போட்டேன். 340 வந்தது. மீதி 60 எங்கே? மண்ணை 600 டிகிரியில் சுட்டால் சரியாகுமா?

பதில் 2:
வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் அடுக்கிலுள்ள ஹைட்ராக்சில் போய்விடும், இடைவெளியும் மூடிக்கொள்ளும். பிறகு மண் தண்ணீரில் விரியாது. 105 டிகிரியில் உலர்த்தினால் போதும். அமிலம் அரித்த அடுக்கு திரும்ப வராது, மீதி 60 அதில் போயிருக்கும். புது மண் எடுத்து, அமிலமே இல்லாமல் உப்புக் கரைசலில் மட்டும் குலுக்கிச் செய்து பாருங்கள். 0.9 சதவீத உப்புநீரிலும் அளந்து போடுங்கள், வாலை வடிநீர் எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.