போர்ட்டபிள் ஏசி: ஒரே ஓர் அறைக்கு வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வடபழனி வாடகைக்காரன்:

கத்திரி நெருங்கினால் வருடா வருடம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "வாடகை வீடு, பெட்ரூம் மட்டும் குளிர்ந்தால் போதும், போர்ட்டபிள் ஏசி வாங்கலாமா?" நான் வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவன் என்பதால் என் கதையை முதலில் போடுகிறேன். மற்றவர்களும் எழுதுங்கள், நல்லதோ கெட்டதோ.

எங்கள் ஹவுஸ் ஓனர் தங்கமான மனிதர். ஆனால் சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் அவரைக் கேட்க வேண்டும். ஸ்பிளிட் ஏசிக்குச் சுவரில் துளை, வெளிச்சுவரில் அவுட்டோர் யூனிட் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. விண்டோ ஏசி என்றால் கிரில்லை வெட்ட வேண்டும், அதற்கும் வேண்டாம் என்றார். மிச்சம் போர்ட்டபிள்தான்.

கடைக்குப் போனால் ஒரு டன்னா, ஒன்றரையா என்றுதான் கேட்கிறார்கள். ஜன்னல் எப்படிப்பட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது. இந்த மெஷினுக்குப் பின்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு ஹோஸ் வரும், ஐந்தடி நீளம், ஐந்தாறு அங்குலக் குறுக்களவு. அறையில் உள்ள சூடு அது வழியாகத்தான் வெளியே போக வேண்டும். கூடவே தருகிற பிளாஸ்டிக் பட்டை, பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங் ஜன்னலுக்கு என்றே செய்தது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் கதவு, உள்ளே கிரில். கிரில் கம்பிகளின் இடைவெளி நாலு அங்குலம். ஹோஸ் அதில் நுழையாது.

நான் செய்தது: ஆசாரியை வரவழைத்து ஜன்னல் அளவுக்கு முழு அக்ரிலிக் ஷீட் வெட்டி, ஹோஸ் வாய்க்கு மட்டும் வட்டத் துளை போட்டு, கிரில்லின் உட்பக்கம் கேபிள் டை வைத்துக் கட்டினேன். ஓரம் முழுக்க, கதவிடுக்கில் ஒட்டும் ஸ்பாஞ்ச் டேப். கிரில்லை ஒருவரும் தொடவில்லை, ஓனருக்கும் சந்தோஷம். ஏசி ஓடும்போது வெளிக்கதவு இரண்டும் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். மழைச் சாரலுக்குப் பயந்து பாதி சாத்தினால் சூடான காற்று கதவில் மோதி அங்கேயே சுழல்கிறது, அறை குளிர்வதே இல்லை.

10க்கு 12 அறை, மேல்மாடி இல்லை, மேற்குச் சுவர் இல்லை. ராத்திரி போர்வை தேட வைக்கிறது. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையாக இருந்தால் இதே மெஷின் திணறியிருக்கும் என்று நினைக்கிறேன்.


வேலூர் வெயிலோன்:

வாங்குவதற்கு முன்னாலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் இது நடந்துவிட்டது. ஆன்லைனில் "மினி போர்ட்டபிள் ஏசி" என்று டப்பா மாதிரி ஒன்று விற்கிறார்கள். யூஎஸ்பியில் ஓடும், ஐஸ் கட்டி போடலாம், இரண்டாயிரம் ரூபாய். அது ஏசி இல்லை. தண்ணீர் தெளிக்கும் சின்ன ஃபேன். வெளியே போகிற ஹோஸ் இல்லை என்றால் அது ஏசியே இல்லை, அவ்வளவுதான் கணக்கு. அறையில் இருக்கிற சூடு வேறெங்கே போகும்?

அதற்காக ஏர் கூலரைக் குறை சொல்லமாட்டேன். வேலூரில் மே மாதப் பகலில் காற்று காய்ந்து கிடக்கும்போது கூலர் ஜோராக வேலை செய்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்து, வெளிக்காற்றை இழுக்கும்படி கூலரை ஜன்னலோரம் வைக்க வேண்டும். கதவு ஜன்னலை எல்லாம் மூடிவிட்டு ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க ஈரம் ஏறி உடம்பு பிசுபிசுக்கும். சென்னைக்காரர்கள் கூலரைத் திட்டுவதற்குக் காரணம் கடல் காற்றின் ஈரம்தான். தண்ணீர் ஆவியானால்தானே குளிரும், ஏற்கெனவே ஈரமான காற்றில் எங்கே ஆவியாகும்?


பெசன்ட் நகர் மாமி:

வடபழனித் தம்பி தண்ணீர்ப் பிரச்சினையைச் சொல்லவே இல்லை. அங்கே கடல் கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அதனால் தப்பித்தார் போலிருக்கிறது.

எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நடந்துபோகிற தூரம். மெஷின் அட்டைப்பெட்டியில் "தானே ஆவியாக்கும் தொழில்நுட்பம், தண்ணீர் கொட்ட வேண்டாம்" என்று போட்டிருந்தது. காற்றிலிருந்து பிரிகிற தண்ணீரை, மெஷினுக்குள் சூடேறுகிற குழாய்ச் சுருள் (காயில்) மேலேயே தெளித்து, ஆவியாக்கி ஹோஸ் வழியாக அனுப்பிவிடுமாம். வறண்ட ஊரில் சரி. இங்கே ஆகஸ்ட், செப்டம்பர் ராத்திரிகளில் அது ஆவியாக்குகிற வேகத்தைவிடச் சேருகிற வேகம் அதிகம். நடுராத்திரி மூன்று மணிக்கு டேங்க் நிரம்பி, பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடும். ஃபேன் மட்டும் ஓடும். வியர்த்து எழுந்தால் திரையில் ஏதோ இரண்டு எழுத்து மின்னிக்கொண்டிருக்கும்.

சரி, தண்ணீரை எடுத்துவிடலாம் என்று பார்த்தால் வடிகால் மூடி தரையிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் இருக்கிறது! வாளி எப்படி வைப்பது? இட்லித் தட்டுகூட நுழையாது. மெஷினோ முப்பது கிலோவுக்குக் குறையாது, எனக்கும் மாமாவுக்கும் அதைச் சாய்க்க வலுவில்லை. கடைசியில் தச்சரிடம் சொல்லி முக்கால் அடி உயரத்தில் கெட்டியான மரப்பலகை ஒன்று செய்துகொண்டோம். அதன் மேல் மெஷின், வடிகாலில் பிளாஸ்டிக் டியூப், டியூப் மறுமுனை பாத்ரூம் ஜாலிக்குள். அதன் பிறகு நிற்பதே இல்லை. அட்டைப்பெட்டி என்ன சொன்னாலும் கடலோரத்தில் இருப்பவர்கள் பாத்ரூம் பக்கத்தில் மெஷினுக்கு இடம் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

சத்தமும் உண்டு. கம்ப்ரசர் உங்களோடுதான் தூங்குகிறது. மாமா காது மெஷினைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொள்வார், நான் பழகிக்கொண்டேன்.


அம்பத்தூர் ஏசி மெக்கானிக்:

மாமி சொன்னது அத்தனையும் சரி. தொழில்காரன் என்ற முறையில் இரண்டு மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

நம் ஊர்க் கடையில் நான் பார்த்த போர்ட்டபிள் எல்லாம் ஒற்றை ஹோஸ் மாடல்தான். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அந்தச் சூடான காயிலைக் குளிர்விக்க அது எடுக்கிற காற்று உங்கள் அறைக் காற்றுதான். அதாவது நீங்கள் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்றில் ஒரு பகுதியையே சூடாக்கி வெளியே தள்ளுகிறது. மணிக்கு 300 கன மீட்டர் தள்ளுகிறது என்று வையுங்கள். வடபழனி சாரின் 10க்கு 12 அறையில் மொத்தமே 34 கன மீட்டர் காற்றுதான் இருக்கிறது. ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை அறை முழுக்க உள்ள காற்றின் அளவுக்கு வெளியே போகிறது. போன காற்றுக்குப் பதில் வந்தாக வேண்டுமே? கதவடியில், வென்டிலேட்டரில், ஜன்னல் இடுக்கில், எங்கிருந்தெல்லாம் முடியுமோ அங்கிருந்தெல்லாம் சூடான காற்று உள்ளே வரும்.

அதனால்தான் ஒரு டன் போர்ட்டபிள் ஒரு டன் ஸ்பிளிட் மாதிரி குளிர்விப்பதில்லை. ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியூ (சூட்டை அளக்கும் அலகு). அது ஆய்வகத்தில் அளந்த கணக்கு. அமெரிக்காவில் இந்த இழப்பையெல்லாம் கழித்து இன்னொரு எண்ணும் பெட்டியில் போடுகிறார்கள். 14,000 பிடியூ என்று விற்ற மெஷின் அந்தக் கணக்கில் 10,000 அல்லது அதற்கும் கீழே வந்து நிற்கும். இங்கே அந்த இரண்டாவது எண்ணை எந்தப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை. அதனால் அறைக்கு ஒரு டன் ஸ்பிளிட் போதும் என்றால், போர்ட்டபிளில் ஒரு படி மேலே பாருங்கள், அல்லது கொஞ்சம் குறைந்த குளிருக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இரட்டை ஹோஸ் மாடலில் ஒரு ஹோஸ் வெளிக்காற்றை இழுக்கும், இன்னொன்று தள்ளும். அறைக் காற்று அறையிலேயே இருக்கும். வெளிநாட்டில் ஒரே ஹோஸுக்குள் இரண்டு பாதை வைத்தும் செய்கிறார்கள். கிடைத்தால் அதுதான் சிறந்தது.

அப்புறம் ஹோஸை நீட்டாதீர்கள். ஐந்தடி போதவில்லை என்று இன்னொரு பைப்பை ஒட்டி எட்டடி ஆக்கினால் ஃபேன் தள்ள முடியாமல் கம்ப்ரசர் சூடேறி டிரிப் ஆகும். ஹோஸ் தொட்டுப்பார்த்தால் சுடும், அதுவே அறைக்குள் ஒரு ஹீட்டர். மேலே இன்சுலேஷன் ஃபோம் சுற்றுங்கள், செலவு சில நூறுதான், வித்தியாசம் தெரியும். பிளக் 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேரடியாக. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு உருகிப்போன பாக்ஸ்களை நிறைய பார்த்துவிட்டேன். வீடு மாற்றும்போது மெஷினை நிமிர்த்தியே கொண்டுபோங்கள். படுக்கவைத்துக் கொண்டுவந்தால் சில மணி நேரம் நிற்கவைத்துவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும், கம்ப்ரசர் ஆயில் இறங்க வேண்டும்.


கோவைக்காரி:

மெக்கானிக் அண்ணா, எங்கள் வீட்டு மர்மம் இப்போதுதான் விளங்கியது! ஏசி போட்டால் மட்டும் பெட்ரூமில் பாத்ரூம் வாடை. பிளம்பர் வந்து கழிவுநீர்க் குழாயின் டிராப்பைக் கழற்றிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. இருக்கிற இடுக்கு பாத்ரூம் கதவுதான், அது வழியாகத்தான் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. சில நாள் பக்கத்து ஃப்ளாட்டில் கருவாடு வறுத்தால் எங்கள் கட்டிலில் மணக்கும். அதுவும் இதனால்தானா?


அம்பத்தூர் ஏசி மெக்கானிக்:

அதேதான் தங்கச்சி. பாத்ரூம் கதவடியில் டோர் ஸீல் பிரஷ் அடித்துவிடுங்கள். ஹால் பக்கக் கதவில் கொஞ்சம் இடுக்கு இருக்கட்டும். எப்படியும் காற்று வரத்தான் போகிறது, அது நல்ல இடத்திலிருந்து வரட்டும். ஒரு கேள்வி: உங்கள் பாத்ரூமில் கேஸ் கீசரா, கரண்ட் கீசரா?


கோவைக்காரி:

கேஸ் கீசர்.


அம்பத்தூர் ஏசி மெக்கானிக்:

அப்படியானால் ஏசி ஓடும்போது அதைப் பற்றவைக்கவே வேண்டாம். வாடை வருகிற மாதிரியேதான் புகையும் வரும். வெளியே போக வேண்டிய கீசர் புகையை ஏசி உள்ளே இழுக்கும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம், வாடையே இருக்காது. கரண்ட் கீசருக்கு மாறுங்கள், இல்லை கேஸ் கீசரை வெளியே பால்கனிக்கு மாற்றுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.


ஹாரோ தமிழச்சி:

லண்டனிலிருந்து. இங்கே போர்ட்டபிள் ஏசி என்றாலே 2022 ஜூலை ஞாபகம்தான். ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் உள்ள கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. இந்த நாட்டில் 40ஐத் தாண்டியது அதுதான் முதல்முறை. மதுரையில் வளர்ந்தவளுக்கு 40 என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். இங்கே வீடுகள் குளிருக்குக் கட்டியவை. உள்ளே வந்த சூடு வெளியே போகாது, சீலிங் ஃபேன் கிடையாது. கூரைக்கு அடியில் இருக்கும் எங்கள் லாஃப்ட் அறையில் ராத்திரிகூட உட்கார முடியவில்லை.

ஸ்பிளிட் போட வேண்டும் என்றால் லீஸ்ஹோல்டு (நீண்டகாலக் குத்தகை) ஃப்ளாட்டில் நிலத்தின் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டர் அனுமதி வேண்டும், சில இடங்களில் உள்ளாட்சிக் கவுன்சில் அனுமதியும் வேண்டும். போர்ட்டபிளுக்கு யாரையும் கேட்க வேண்டாம். ஜன்னல்தான் இங்கேயும் தகராறு. எங்கள் ஜன்னல் மேலே கீல் வைத்து வெளியே தள்ளித் திறப்பது. அதற்கு வெல்க்ரோ ஒட்டி ஜிப் வைத்த துணி உறை ஒன்று விற்கிறார்கள், ஜிப்பைத் திறந்து ஹோஸைச் சொருக வேண்டும். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் துணி வெயிலில் கொதிக்கிறது, காற்றடித்தால் உப்புகிறது, வெல்க்ரோ பெயின்டோடு கழன்று வருகிறது. வடபழனி அண்ணா சொன்ன ஷீட் யோசனைதான் சரி. அவர் வீட்டில் கிரில், எங்கள் வீட்டில் பாலிகார்பனேட் பலகையை ஜன்னல் சட்டத்துக்குள் இறுக்கமாகச் செருகினோம். குளிர்காலத்தில் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டுவிடலாம்.

இன்னொன்று, அறை சூடேறிய பிறகு போட்டால் பயனில்லை. காலையிலேயே திரையை இழுத்துவிட்டு, மத்தியானத்துக்கு முன்பே ஆன் செய்தால்தான் சமாளிக்கிறது.


பெசன்ட் நகர் மாமி:

கரண்ட் பில்லைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். எங்கள் பில்லை மாமாதான் கட்டுகிறார், என்னிடம் காட்டமாட்டேன் என்கிறார்.


வடபழனி வாடகைக்காரன்:

மாமி, என் மெஷின் லேபிளில் 1200 வாட் போட்டிருக்கிறது. மணிக்கு 1.2 யூனிட். ஸ்பிளிட் மாதிரி இது அடிக்கடி கட் ஆகி ஓய்வெடுப்பதில்லை, பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ராத்திரி எட்டு மணி நேரம் என்றால் ஒன்பதரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 570ஐத் தாண்டும். இது ஏசிக்கு மட்டும். இபி கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாபே மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் இரண்டு மணி நேரம் ஓட்டி அறை குளிர்ந்ததும் டைமரில் நிறுத்தி, சீலிங் ஃபேனில் மிச்ச ராத்திரியை ஓட்டுகிறேன். சொந்த வீடாக இருந்தால் சத்தியமாக ஸ்பிளிட்தான் போட்டிருப்பேன். ஃபைவ் ஸ்டார் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் இதைவிடக் கம்மியாகத்தான் இழுக்கும். ஆனால் ஓனர் காலி செய்யச் சொன்னால் இதை அப்படியே உருட்டிக்கொண்டு போய்விடலாம். கழற்று கூலி, மாட்டு கூலி, கேஸ் டாப்அப் எதுவும் கிடையாது.


திருச்சி மேன்ஷன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். என் ரூமில் வெளிப்பக்கம் ஜன்னலே இல்லை. வராந்தா பக்கம் ஒரு ஜன்னல்தான். ஹோஸை வராந்தாவில் விட்டால் போதுமா?


அம்பத்தூர் ஏசி மெக்கானிக்:

வராந்தா திறந்த வராந்தாவா, மூடியதா? ஒரு பக்கம் திறந்து காற்றோட்டம் இருந்தால் விடலாம், எதிர் ரூம்காரரோடு சண்டை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய வராந்தா என்றால் வேண்டாம் தம்பி. வெளியே தள்ளுகிற அதே சூடு உங்கள் கதவடியில் திரும்ப உள்ளே வந்துவிடும், கரண்ட் மட்டும் ஓடும். ஜன்னலின் அகலம், உயரம், கம்பி இடைவெளி மூன்றையும் அளந்து இங்கே போடுங்கள், ஒரு போட்டோவும் போடுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை மெஷின் எதையும் ஆர்டர் செய்யாதீர்கள்.