மரம் வெட்டும் வேலைக்கு மெஷின், வண்டி, பெல்ட்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. எனக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயலில் விழுந்த தென்னைகளை அறுக்கப் போனவன், அப்படியே இந்தத் தொழிலில் நின்றுவிட்டேன். இதுவரை வாடகைச் செயின்சா மெஷின்தான், இப்போது சொந்தமாக வாங்கப் போகிறேன்.

கிளை கழிக்க 12 அங்குல பார் (செயின் ஓடும் தகடு) போதும். அடிமரத்துக்கு ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 250 மெஷினைப் பார்த்து வைத்திருக்கிறேன். 45 சிசி, 18 அங்குல பார். முற்றிய புளியமரத்துக்கு அது தாங்குமா? தென்னையில் செயின் சீக்கிரம் மழுங்குகிறது, நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அரம் போடுகிறீர்கள்?

வண்டிக்குப் பழைய டாடா ஏஸ் ஒன்று பேசியிருக்கிறேன். பச்சை மரத்தின் கனம் உங்களுக்கே தெரியும். பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டை தாங்குமா, இல்லை பொலிரோ பிக்கப்புக்கே போய்விடலாமா?

அப்புறம் முக்கியமானது. போன மாதம் என்னோடு வேலை செய்யும் தம்பி வேப்பமரத்தில் கால் வழுக்கித் தொங்கிவிட்டான். இடுப்பில் வெறும் கயிறுதான். உயிர் தப்பினான், ஆனால் விலா முழுக்கக் கன்றிப்போனது. தொடையையும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட்டும், மெஷின் பட்டாலும் சட்டென்று அறுந்துவிடாமல் உள்ளே கம்பி ஓடும் கயிறும் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ எங்கே கிடைக்கும்? அவனுக்கு மாட்டி அளவு பார்க்க வேண்டும், அதனால் நேரில் போகிற கடையாகச் சொல்லுங்கள். அது கைக்கு வரும்வரை அவனை மரம் ஏற்ற மாட்டேன்.