டிரெய்லர் கழிவுநீரைச் சக்கர டேங்கில் எடுத்துப்போவது – ஷூவெல்லாம் நனைந்தாச்சு, வழி சொல்லுங்க

பேஏரியாக்காரன்:
வணக்கம். டிரக்கில் இழுத்துப்போகிற எங்கள் வீட்டு டிரெய்லரோடு, யோசெமிட்டி தேசியப் பூங்காவில் அப்பர் பைன்ஸ் முகாம் இடத்தில் ஐந்து ராத்திரி தங்கிவிட்டு நேற்றுதான் வந்தோம். அங்கே எந்த சைட்டிலும் தண்ணீர், கரண்ட், சாக்கடை இணைப்பு கிடையாது. கழிவுநீரை அதற்கென்று இருக்கிற குழியில், அதாவது டம்ப் ஸ்டேஷனில்தான் கொட்டணும். எங்கள் டிரெய்லரில் கிரே டேங்க் (பாத்திரம், குளியல் தண்ணீர்) 30 கேலன், பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவு) 30 கேலன்; ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர். அம்மாவையும் சேர்த்து ஐந்து பேர். மூன்றாம் நாள் காலை பாத்திரம் கழுவின தண்ணீர் ஷவர் தரையில் ஏறி நின்றது, மேலே நாலு கறிவேப்பிலை.

டிரெய்லரையே டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய் வர சோம்பல். கழிவுநீரை இறக்கி இழுத்துப்போக, செகண்ட் ஹேண்டில் வாங்கின 28 கேலன், ரெண்டு சக்கர டேங்கை எடுத்தேன். ஹோஸை மாட்டி வால்வைத் திறந்தால் களக் களக்கென்று சத்தம், கொஞ்சம் இறங்கும், நிற்கும். பத்து நிமிஷம் கழித்து சத்தமே இல்லை. முடிந்தது என்று வால்வை மூடி ஹோஸைக் கழட்டினேன், அதற்குள் இருந்தது முழுக்க என் கால் மேல். பிறகு டேங்கின் கைப்பிடியைத் தூக்கி, டிரக்கின் பின்னால் இழுவைக்கு இருக்கிற ஹிட்ச் பந்தில் மாட்டப் பார்த்தால் நானும் மனைவியும் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. பக்கத்து சைட் ஆட்கள் இருவர் வந்து தூக்கினார்கள்.

எங்கே தப்பு? பிளாக் டேங்குக்கும் இதையே பயன்படுத்தலாமா?

டீசல்மாமா:
தம்பி, சக்கர டேங்கின் மேல்பக்கம் ஓரத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்தீங்களா? அது காற்று வெளியே போகிற வழி. புனலை பாட்டில் வாயில் இறுக்கி வைத்து எண்ணெய் ஊற்றினால் இறங்காமல் நிற்குமே, அதே கதை. உள்ளே இருக்கிற காற்று உங்க ஹோஸ் வழியாகவே எதிர்த்து வந்திருக்கு.

ரெண்டாவது, 30-ஐ 28-ல் ஊற்றியிருக்கீங்க. டேங்க் நிறைந்ததும் மிச்சம் ஹோஸில் நிற்கும். மூன்று அங்குல ஹோஸ் பத்தடி இருந்தால் அதற்குள்ளேயே சுமார் 14 லிட்டர். சத்தம் நின்றது காலியானதால் இல்லை, இடமில்லாததால். டிரெய்லரில் கழிவு வெளியே வருகிற வாயில், உள்ளே தெரிகிற மாதிரி ஒரு எல்போ (வளைந்த குழாய்த் துண்டு) வாங்கி மாட்டுங்க. ஓட்டம் நின்று அதில் தண்ணீர் தேங்கினால் டேங்க் நிறைந்தது என்று அர்த்தம். ஆனால் அதுவரைக்கும் விடவே கூடாது. கிரே தண்ணீர் என்றால் அந்தச் சின்ன ஓட்டையில் டார்ச் அடித்து மட்டம் பார்க்கலாம். பிளாக் என்றால் முகத்தை அங்கே கொண்டுபோகாதீங்க, அனுபவத்தில் சொல்றேன்.

இருசக்கரம்:
தண்ணீர் ஒரு கேலன் 8.34 பவுண்டு. 28 கேலன் என்றால் 106 கிலோ, டேங்க் எடை தனி. ரெண்டு சக்கர மாடலில் ஒரு பக்கத்தை நீங்களே தூக்கணும். பாதி மட்டும் நிரப்பி ரெண்டு நடை போங்க. நாலு சக்கரம் உள்ளதில் முன் சக்கரமே எடையைத் தாங்கும், கைப்பிடியை மட்டும் எட்டவைத்து மாட்டினால் போதும். இழுக்கும்போது மணிக்கு 5 மைலுக்கு மேல் வேண்டாம், நடக்கிற வேகம் போதும். என்னுடையதில் பிளாஸ்டிக் சக்கரம் சரளைக்கல்லில் தேய்ந்து முட்டை மாதிரி ஆகிவிட்டது.

பேஏரியாக்காரன்:
அண்ணா, மூடி இருக்கு! திறந்ததே இல்லை, பழைய ஓனரும் திறந்திருக்க மாட்டார், பிளையர் வைத்துத்தான் கழட்டினேன். இன்னொரு சந்தேகம்: பாத்திரம் கழுவின தண்ணீர்தானே, மரத்தடியில் ஊற்றினால் என்ன?

டீசல்மாமா:
கூடவே கூடாது. தேசியப் பூங்காக்களில் வண்டிக் கழிவுநீரை அதற்கென்று வைத்த இடம் தவிர வேறெங்கும் விடக்கூடாது, மத்திய அரசு விதி. யோசெமிட்டியில் கரடி வேறு. சாம்பார் வாசனை நமக்கு மட்டுமா பிடிக்கும்? தட்டைப் பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்க, ஸிங்க் வாயில் வடிகட்டி போடுங்க. எண்ணெயும் சோறும் ஊறின கிரே டேங்க், சில சமயம் பிளாக்கைவிட மோசமாக நாறும்.

கொலராடோ_கண்மணி:
பிளாக்குக்கும் இதே டேங்க் போதும். முதலில் பிளாக், பாதி வந்ததும் மூடிவிட்டு, அதே ஹோஸில் கொஞ்சம் கிரே தண்ணீரை விட்டால் ஹோஸ் அலசின மாதிரி ஆகிவிடும். கையுறை கட்டாயம். அலசுகிற ஹோஸையும் குடிதண்ணீர் ஹோஸையும் ஒரே பெட்டியில் வைக்காதீங்க. நிறைந்த டேங்கை டிரக்கின் பின்பக்கச் சாமான் தொட்டியில் தூக்கி வைக்கிற யோசனையும் வேண்டாம்.

டம்ப் ஸ்டேஷனில் முதலில் ஹோஸின் மறுமுனையைக் குழிக்குள் விட்டு, நழுவாமல் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் டேங்கைத் திறக்கணும். மேல் மூடியை அங்கேயும் திறங்க.

ஒரு கேள்வி, தப்பா நினைக்காதீங்க: வீட்டில் பேப்பரா, சொம்பா? சொம்பு என்றால் பேப்பர் மலை மாதிரி குவியாது, கழிவு நன்றாகக் கரையும், ஆனால் டேங்க் சீக்கிரம் நிறையும். எங்க வீட்டில் நாலு பேருக்கு நாலாம் நாளே டேங்க் நிறைந்ததைக் காட்டுகிற சிவப்பு விளக்கு. அந்த விளக்கையும் முழுசா நம்பாதீங்க, சென்சாரில் ஏதாவது ஒட்டியிருந்தால் காலி டேங்கையும் நிறைந்ததாகக் காட்டும்.

பேஏரியாக்காரன்:
இன்று வீட்டு வாசலில் வெறும் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மூடி திறந்திருந்தால் சத்தமே இல்லாமல் கடகடவென்று இறங்குகிறது. பாதி நிரப்பினால் கைப்பிடியை நானே தூக்க முடிகிறது. எல்போ ஆர்டர் போட்டாச்சு, சக்கரம் ஒன்று ஆடுகிறது, அதையும் மாற்றணும்.

சொம்பு விஷயத்தை அம்மாவிடம் பேசினேன். "அதுக்கென்னடா, ஒரு நடை கூட போய்ட்டு வா" என்றார்.